கொடுத்த நிலமும் இழந்த நிலமும்: செட்டிநாட்டிலிருந்து பார்க்கும் நில எடுப்பு வரலாறு

செட்டிநாட்டின் நில வரலாற்றில் 1948ஆம் ஆண்டுக்கு ஒப்பான இன்னோர் ஆண்டைக் காட்டுவது அரிது. அவ்வாண்டு மார்ச் 3ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானதால், அதுவரை இரண்டு ஆட்சிகளுக்குள் பிரிந்து கிடந்த, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் முதன்முறையாக ஒரே சட்டத்தின்கீழ் வந்தன. ஜூலை 25ஆம் நாள் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அக்டோபரில் ரங்கூனில் கூடிய பர்மிய நாடாளுமன்றம் நில நாட்டுடைமைச் சட்டத்தை நிறைவேற்றி, இதே ஊர்களைச் சேர்ந்த குடும்பங்கள் ஐராவதி வடிநிலத்தில் வைத்திருந்த இலட்சக்கணக்கான ஏக்கரை அரசுக்கு உரியதாக்க வழி செய்தது. சென்னை மாகாணத்தின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் என்றே எண்ணிடப்பட்டிருக்கிறது; செட்டிநாட்டின் பெரும்பகுதி அடங்கியிருந்த சிவகங்கை ஜமீன் அதன்படிதான் முடிவுக்கு வந்தது. நிலம் ஓரிடத்தில் விரும்பிக் கொடுக்கப்பட்டது, ஓரிடத்தில் அயல்நாட்டு அரசால் எடுக்கப்பட்டது, இன்னோரிடத்தில் சொந்த அரசால் எடுக்கப்பட்டது என்ற மூன்று நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, பொது நோக்கத்துக்காக நிலம் கைமாறுகையில் நியாயம் என்பது யாருடைய இழப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்ற கேள்வி தெளிவான வடிவம் பெறுகிறது.

வானம் பார்த்த பூமி என்று பெயர் பெற்ற இப்பகுதியில் கண்மாய்ப் பாசனத்தை நம்பிய வயல்களும், மழை தவறினால் தரிசாகிவிடும் செம்மண் புன்செய்களுமே மிகுதி. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் உள்ளிட்ட நகரத்தார் ஊர்களின் மாளிகைகளைக் கட்டிய செல்வம் இம்மண்ணில் விளைந்ததன்று. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்; கிழக்கிந்தியக் கம்பெனி சிவகங்கைச் சீமையைப் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரிடம் ஒப்படைத்து, 1803இல் அதனை நிலையான தீர்வை கொண்ட ஜமீனாக்கியது. ஜமீன் என்பது இக்காலப் பொருளில் முழு உடைமை அன்று. விளைச்சலில் ஆள்பவருக்கு உரிய பங்கான மேல்வாரத்தைத் தண்டும் உரிமையே ஜமீன்தாரிடம் இருந்தது, உழுபவருக்கு உரிய குடிவாரம் மரபுப்படி குடிகளிடம் இருந்தது. எனினும் கம்பெனியின் நீதிமன்றங்கள் ஜமீனை ஒரு சொத்தாகவே நடத்தின. கௌரி வல்லபர் 1829இல் இறந்தபின் தொடங்கி, இலண்டன் பிரிவி கவுன்சில் 1863இல் காத்தம நாச்சியாருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கும் வரை நீண்ட வாரிசு வழக்கு, இந்து வாரிசுச் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. அவ்வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கு ஜமீன் என்பது வாதிடப்பட்டதே அல்லாமல், அந்த ஜமீனின் நிலத்தை உழுதவர்களுக்கு என்ன உரிமை என்பது வாதத்துக்கு வரவில்லை. வழக்குச் செலவும் கடனும் ஜமீன்களை அடமானத்துக்குத் தள்ளியபோது, தேவகோட்டையைப் போன்ற ஊர்களின் செட்டியார் குடும்பங்கள் ஈட்டின் வழியாகவும் குத்தகையின் வழியாகவும் ஜமீன் கிராமங்களில் மேல்வார உரிமையைப் பெற்றன.

பொது வேலைகளுக்காக நிலத்தை வலிந்து எடுக்கும் சட்டமும் இதே காலத்தில்தான் உருப்பெற்றது. வங்காளத்தில் 1824ஆம் ஆண்டு ஒழுங்குவிதியாகத் தொடங்கி, 1857இல் பிரித்தானிய இந்தியா முழுமைக்குமான சட்டமாகி, 1870இல் திருத்தி எழுதப்பட்டு, 1894இல் நிலைத்த வடிவம் பெற்ற நில எடுப்புச் சட்டம் 2013 முடிய நூற்றிருபது ஆண்டுகள் வழக்கில் இருந்தது. அதன் நடைமுறை எளிய அமைப்புடையது: நான்காம் பிரிவின்படி அறிவிக்கை, ஆறாம் பிரிவின்படி இந்நிலம் பொது நோக்கத்துக்குத் தேவை என்ற அரசின் விளம்புகை, ஒன்பதாம் பிரிவின்படி உரிமை கோருபவர்களுக்கு அழைப்பு, பதினோராம் பிரிவின்படி ஆட்சியர் வழங்கும் தீர்வம், அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் ஆணை. தீர்வத்தை ஏற்காதவர் பதினெட்டாம் பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் அங்கே வழக்காடத்தக்கது பெரும்பாலும் தொகையைப் பற்றித்தான். எடுப்பது சரியா என்று கேட்கும் வாய்ப்பைத் தந்த ஐந்து-அ பிரிவு 1923இல்தான் சேர்க்கப்பட்டது. அதையும் பதினேழாம் பிரிவின் அவசரக் கூற்றைக் காட்டி அரசு தவிர்த்துவிட இயன்றது. சந்தை விலையோடு, விருப்பமின்றிக் கொடுக்க நேர்ந்ததற்காக நூற்றுக்குப் பதினைந்து வீதம் ஆறுதல் தொகை சேர்க்கப்பட்டது. திருச்சிராப்பள்ளி–மானாமதுரை இருப்புப்பாதை 1930 வாக்கில் புதுக்கோட்டை, காரைக்குடி வழியாகப் போடப்பட்டபோது ரயில்வேக்களுக்கு நிலம் கிடைத்த பொது வழியும் இதுவே. பாதையின் பெரும் பகுதி புன்செய்க் காட்டின் ஊடே சென்றது. தேவகோட்டை ரஸ்தா நிலையம் அப்பெயர் கொண்ட ஊரிலிருந்து வெகுதொலைவில் அமைந்தது.

அதே 1894ஆம் ஆண்டுச் சட்டம் பர்மாவிலும் செல்லுபடியானது. ஏனெனில் 1937 ஏப்ரல் 1ஆம் நாள் பிரிக்கப்படும்வரை பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாகவே ஆளப்பட்டது. செட்டிநாட்டின் நிலக் கணக்கில் பர்மாவுக்கு உள்ள இடம் உள்ளூர் ஜமீன்களுக்குக்கூட இல்லை என்று சொல்லலாம். 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானபின் ஐராவதி வடிநிலத்தின் சதுப்புக் காடுகள் நெல்வயல்களாகத் திருத்தப்பட்டன. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது ஐரோப்பியச் சந்தையை அருகில் கொண்டுவந்தது. பத்து இலட்சம் ஏக்கருக்கு உட்பட்டிருந்த நெல் சாகுபடி 1930களில் எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. காடு திருத்தும் குடியானவனுக்கு மாடும் விதையும் ஆள்கூலியும் தேவைப்பட்டன. ஆங்கில வங்கிகள் அவனிடம் நெருங்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்களுடைய கடன் தொழிலுக்கு அடித்தளமிட்டது 1876ஆம் ஆண்டின் பர்மா நிலம் மற்றும் வருவாய்ச் சட்டம். ஒரு நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கைப்பற்றில் வைத்து வரி செலுத்தியவருக்கு அந்நிலத்தில் நிலையான, வாரிசுகளுக்குச் சேரும், விற்கவும் அடகு வைக்கவும் கூடிய உரிமை உண்டு என்று அச்சட்டம் சொன்னது. விற்க முடிந்தது ஈடாகவும் ஆனது. ஈடு தவறியபோது கைமாறவும் செய்தது.

1929–30இல் அமர்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்குவதாகவும், அவற்றில் புரளும் முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. ரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளில், அதாவது பல நிறுவனங்கள் ஒரே கூரையின்கீழ்ப் பெட்டியும் பேரேடுமாக அமர்ந்து தொழில் நடத்திய நீண்ட கூடங்களில், மூன்றாண்டுத் தவணைக்கு ஊரிலிருந்து வந்த ஏஜெண்டுகளும் அவர்களுக்கு உதவிய அடுத்தாட்களும் கணக்கு எழுதினர். அந்த முதலில் முதலாளிகளின் சொந்தப் பணம் மட்டும் இருக்கவில்லை; ஆச்சிமார் எனப்படும் குடும்பத்துப் பெண்கள் தம் பெயரில் போட்டு வைத்த சீர்ப்பணம், கோயில் நிதி, உறவினர் வைப்பு, வங்கிகளிடம் பெற்ற கடன் என்று பல கைகளின் பணம் ஒன்றாகக் கலந்திருந்தது. பின்னாளில் இழப்பீடு பற்றிய வாதத்தில் செட்டியார் என்றாலே ஒரே பெரும் பணக்காரர் என்ற உருவமே முன்னிறுத்தப்பட்டது; கானாடுகாத்தானிலோ நாட்டரசன்கோட்டையிலோ வட்டி வரவை நம்பி வாழ்ந்த கைம்பெண்ணின் வைப்பும் அதே வயல்களில் முடங்கியிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1930இல் உலகப் பெருமந்தம் நெல் விலையைப் பாதிக்கும் கீழாகத் தள்ளியபோது கடனாளிகளால் வட்டிகூடக் கட்ட இயலவில்லை. நிலத்தை எடுத்துக்கொள்வதைச் செட்டியார்கள் விரும்பவில்லை என்பதற்கு நம்பத்தக்க காரணம் உண்டு: பணத்தைச் சுழலவிட்டுப் பிழைக்கும் தொழிலுக்கு அசையாச் சொத்து ஒரு முடக்கமே. ஆயினும் நீதிமன்றத் தீர்ப்பின் வழியாகவும், கடனுக்கு ஈடாக உடையவரே எழுதிக் கொடுத்ததன் வழியாகவும் வயல்கள் அவர்கள் பெயருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் உடைமை 1937–38 வாக்கில் நூற்றுக்கு இருபத்தைந்தாக, ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ஏக்கராகப் பெருகியது. எட்டே ஆண்டுகளில் நாட்டின் நெற்களஞ்சியத்தில் கால் பங்கு கடலுக்கு அப்பால் வீடு வாசல் உள்ளவர்களின் பெயரில் எழுதப்பட்டதும், நேற்றுவரை உடையவனாக இருந்தவன் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றதும் எந்தச் சமூகத்திலும் கசப்பை விளைத்திருக்கும். ஒவ்வொரு கைமாற்றமும் தனித்தனியே சட்டப்படி செல்லுபடியானது என்பதை மறுப்பதற்கில்லை. அவை அனைத்தும் சேர்ந்து விளைத்த நிலையை நியாயம் என்று அக்காலப் பர்மியர் ஒருவர் ஏற்றிருப்பார் என்று எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

1939க்கும் 1941க்கும் இடையில் குத்தகை, நிலப் பராதீனம் (நிலத்தைப் பிறருக்குக் கைமாற்றுதல்), நிலக் கொள்முதல் ஆகியவை குறித்துப் பர்மியச் சட்டமன்றம் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றியது. வேளாளர் அல்லாதார் கையில் நிலம் போவதைத் தடுப்பதும், போனதை அரசு விலைக்கு வாங்கி உழுபவனுக்குத் தவணையில் தருவதும் அவற்றின் நோக்கம். அவை வேரூன்றுமுன் ஜப்பானியப் படை வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தபோது செட்டியார்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டனர். போர் முடிந்து திரும்பிச் சென்றவர்கள் கண்டது வேறொரு நாடு. 1947ஆம் ஆண்டு பர்மிய அரசமைப்பின் முப்பதாம் பிரிவு, எல்லா நிலத்துக்கும் இறுதி உடைமையாளர் அரசே என்றும், எந்த அடிப்படையிலும் பெருநில உடைமை இருத்தலாகாது என்றும் விதித்தது. தனியார் சொத்தை எடுக்கும்போது எந்த அளவுக்கு ஈடு தரலாம் என்பதைச் சட்டமே முடிவு செய்யலாம் என்று இன்னொரு பிரிவு அரசுக்கு இடம் தந்தது. இந்த இரண்டு பிரிவுகளும் சேர்ந்து நீதிமன்றத்தின் வாயிலை ஏறக்குறைய அடைத்துவிட்டன என்பதே சட்ட நோக்கில் முக்கியம். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் சந்தை விலையையும் ஆறுதல் தொகையையும் செட்டியார்கள் அங்கே கேட்கவே முடியாத நிலை உருவானது.

பர்மாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அளவுகோல் ஆண்டு நிலவரி; அதன் பன்னிரண்டு மடங்கு உச்ச வரம்பு. நிலவரி என்பது அரசு தன் வருவாய்க்காக வகுத்த தொகையே தவிர நிலத்தின் விலையைக் காட்டுவது அன்று. எனவே பேரேட்டில் அந்நிலத்தின்மேல் நின்ற கடன் தொகையோடு இந்த ஈடு எவ்வகையிலும் ஒட்டவில்லை. உள்நாட்டுப் போரின் நடுவே அச்சட்டம் சிரியம் வட்டத்தில் சோதனை அளவில் மட்டும் செயலுக்கு வந்தது. 1953இல் அதற்கு மாற்றாக வந்த சட்டம் நெல் பயிரிடும் வேளாண் குடும்பத்துக்கு ஐம்பது ஏக்கர் விலக்கு அளித்தது. தாமே உழாதவர்களுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை என்பதால் செட்டியார் நிலம் முழுவதும் அதன் வரம்புக்குள் விழுந்தது. இந்திய அரசு இழப்பீட்டின் அளவைப் பற்றிப் பர்மிய அரசிடம் பேசியது, எடுக்கும் உரிமையை எதிர்க்கவில்லை. எதிர்ப்பதும் இயலாது: இதே ஆண்டுகளில் இந்தியாவின் மாகாணங்கள் ஜமீன்களை எடுத்துக்கொண்டிருந்தன; ஒரு கையால் ஜமீனை எடுத்துக்கொண்டு மறு கையால் பர்மாவிடம் சந்தை விலை கேட்பது பொருந்தாத காரியம்.

பர்மியக் குடியானவனுக்கு நில நாட்டுடைமை என்ன தந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். நிலப் பகிர்வு 1958 வாக்கில் நின்றுபோயிற்று. 1962 மார்ச் 2ஆம் நாள் ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர் நே வினின் அரசு குத்தகை வாரத்தைப் படிப்படியாக ஒழித்தது, ஆனால் குடியானவனை உடையவனாக்காமல் அரசின் குத்தகைதாரனாகவே வைத்திருந்தது. 1963 தொடங்கி வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாக்கப்பட்டு, 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டபோது செட்டியார் தொழிலின் எஞ்சிய வேர்களும் அறுந்தன. கூலிகளும் சிறு கடைக்காரர்களுமாக இலட்சக்கணக்கான இந்தியர் தாயகம் திரும்பினர். காரைக்குடி உட்படத் தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் காணும் பர்மா காலனிகள் அவ்வரவின் சுவடுகள். பர்மாத் தேக்கால் எழுந்த மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் பிரிக்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்கு வந்த பிற்காலக் கதைக்கும் முதல் காரணத்தை இந்த இழப்பில்தான் தேட வேண்டும்.

உள்ளூரில் நடந்த எடுப்பு வேறு வகையானது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலைத்த அனுபோக உரிமையை ஏற்றது. சென்னை மாகாண அமைச்சர் பிரகாசம் தலைமையில் 1937–38இல் அமைந்த குழு ஒரு படி மேலே சென்று, நிலத்தின் உண்மையான உடையவர் குடியே என்றும் ஜமீன்தார் வரி தண்டும் இடையாளே என்றும் வாதிட்டது. 1949 ஏப்ரலில் செயலுக்கு வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் மேல்வாரத்தை அரசுக்கு மாற்றி, குடிகளுக்கு இரயத்துவாரிப் பட்டா, அதாவது நடுவில் எவருமின்றி அரசுக்கே நேரடியாகத் தீர்வை கட்டும் உரிமை ஆவணம், வழங்க வழி செய்தது. இழப்பீடு அடிப்படை ஆண்டுத் தொகையின் மடங்குகளாக இறங்குவரிசையில் வகுக்கப்பட்டது: ஆண்டுத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத சிறிய எஸ்டேட்டுக்கு முப்பது மடங்கு, ஓர் இலட்சத்தைத் தாண்டியவற்றுக்குப் பன்னிரண்டரை மடங்கு. பெரியவருக்குக் குறைந்த மடங்கு என்ற இந்த ஏற்பாடு சமத்துவத்துக்கு முரணானது என்று ஜமீன்தார்கள் வழக்காடினர். ஆனால் 1951ஆம் ஆண்டின் முதலாம் அரசமைப்புத் திருத்தம் இச்சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்து நீதிமன்றத்தின் கைக்கு எட்டாதபடி வைத்தது; எட்டயபுரம் ஜமீன்தாரின் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றமும் சட்டத்தை நிலைநிறுத்தியது.

இவ்வளவு துல்லியமான கணக்கில் இடம்பெறாதவர் ஒருவர் உண்டு. பட்டா பெற்ற குடி பெரும்பாலும் தானே உழுதவர் அல்லர். அவரிடம் வாரத்துக்கு உழுதவர்களும் பண்ணையாட்களும் இருந்தனர். ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலம் அவரிடமே விடப்பட்டபோது அதில் பாடுபட்டவர்களின் நிலை மாறவில்லை. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊரார் பயன்படுத்திய காடும் தரிசும் அரசுக்குப் போய்ப் புறம்போக்காயின. கண்மாயின் நீர்முறை போன்ற ஊர் வழக்கங்களுக்கு மடங்கு வகுக்கும் அட்டவணை ஏதும் இல்லை. பர்மாவில் குத்தகைக்காரனைக் காட்டிச் சட்டம் இயற்றினார்கள், அவனுக்கு நிலம் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. இங்கே குடியைக் காட்டி இயற்றினார்கள், குடிக்குக் கீழே இருந்தவரை எண்ணவில்லை. இரு நாடுகளிலும் வாதம் நடந்தது எடுப்பவருக்கும் ஆவணம் வைத்திருப்பவருக்கும் இடையில் மட்டுமே.

அழகப்பச் செட்டியாரின் கொடை இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. கோட்டையூரில் 1909இல் பிறந்து, மலாயா, பர்மா வணிகத்திலும் நூற்பாலைத் தொழிலிலும் ஈட்டிய பொருளைக் கல்விக்குத் திருப்பிய அவர், 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் நாடெங்கும் ஆய்வகங்கள் நிறுவுவதை அறிந்து, 300 ஏக்கர் நிலத்தோடு 15 இலட்சம் ரூபாயும் தந்து ஒன்றைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். 1953 ஜனவரி 14ஆம் நாள் குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அந்நிறுவனத்தை ஊரார் சிக்ரி என்றே அழைக்கிறார்கள். துணைக்கண்டத்தின் பெரிய ஆய்வகங்கள் நகரங்களிலேயே குவிந்த காலத்தில் வறண்ட புன்செய்ப் பகுதி ஒன்றுக்கு இத்தகைய நிறுவனம் வந்ததற்கு நிலம் தடையின்றிக் கிடைத்ததே முதல் காரணம். அறிவிக்கை, ஆட்சேபம், தீர்வம், மேல்முறையீடு என்ற படிகளில் எதுவும் தேவைப்படவில்லை. கொடையின் பெருமை எவ்வகையிலும் குறையாது. ஆயினும் சட்ட வடிவம் என்ற அளவில், தானப் பத்திரம் கொடுப்பவரையும் பெறுபவரையும் மட்டுமே அறியும். ஒன்பதாம் பிரிவின் அழைப்பைப் போல வேறு உரிமை உடையவர் எவரேனும் உண்டா என்று ஊரில் கேட்கும் கடமை அதற்கு இல்லை. கொடையால் வளர்ச்சிக்கு நிலம் தேடும் வழி அதன் பின் பெருகவில்லை என்பதால் இந்த வேறுபாட்டைச் சோதிக்கும் தேவை எழாமலே போயிற்று.

குடியரசு இந்தியாவில் நில எடுப்பு வழக்குகளின் மையம் நீண்ட காலம் ஈட்டின் அளவாகவே இருந்தது. மேற்கு வங்கத்தில் அகதிகள் குடியேற்றத்துக்காக எடுத்த நிலம் குறித்த பேலா பானர்ஜி வழக்கில், ஈடு என்பது இழந்ததற்கு நிகரான மதிப்பாக இருக்க வேண்டும் என்று 1953இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஈடு போதுமா என்று நீதிமன்றம் கேட்கலாகாது என 1955ஆம் ஆண்டின் நான்காம் திருத்தத்தால் நாடாளுமன்றம் பதில் தந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வஜ்ரவேலு முதலியார் வழக்கு இந்த இழுபறியில் ஒரு திருப்பம். வீட்டு வசதித் திட்டங்களுக்கு எடுக்கும் நிலத்துக்கு மட்டும் முந்தைய ஐந்தாண்டுகளின் சராசரி விலையையோ அறிவிக்கை நாளின் விலையையோ இவற்றில் எது குறைவோ அதைத் தரலாம், ஆறுதல் தொகை ஐந்து விழுக்காடு போதும், எதிர்காலப் பயனால் வரும் மதிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று 1961ஆம் ஆண்டின் சென்னைத் திருத்தச் சட்டம் விதித்திருந்தது. மருத்துவமனைக்கு எடுத்தால் ஒரு விலை, பக்கத்து வயலைக் குடியிருப்புக்கு எடுத்தால் குறைந்த விலை என்ற பாகுபாடு அரசமைப்பின் 14ஆம் பிரிவு உறுதிசெய்யும் சமத்துவத்துக்கு ஒவ்வாது என்று நீதிபதி சுப்பா ராவ் எழுதிய 1964ஆம் ஆண்டுத் தீர்ப்பு அத்திருத்தத்தை வீழ்த்தியது. சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தத்தால் அடிப்படை உரிமை என்ற தகுதியை இழந்து 300-அ பிரிவுக்குள் ஒதுங்கியபின்னும், வழக்காடுவோர்க்குப் பற்றிக்கொள்ளக் கிடைத்தது இந்தச் சமத்துவ வாதமே.

அதே 1978இல் தமிழ்நாடு இயற்றிய 31ஆம் சட்டம், ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு, முதன்மையாக வீட்டுமனைக்கு, விரைவாக நிலம் எடுக்க வழி செய்தது. சிவகங்கைச் சீமையின் ஊர்களில் நிலமே இல்லாதிருந்தவர்களுக்குச் சொந்த மனை கிடைக்க வழி திறந்த சட்டம் என்ற அளவில், இதுவரை கண்ட சட்டங்களில் எதிர்த்திசையில் நடந்தது இது ஒன்றே எனலாம். நிலம் இழந்தவர்கள் இதை எதிர்த்து வழக்காடினர். சுருக்கமான நடைமுறையை 1994இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, ஈட்டைத் தவணையில் தரலாம் என்ற பகுதியை மட்டும் தள்ளியது. பலவீனமானவருக்காக எடுக்கும்போதும் எடுக்கப்படுபவருக்குப் பணம் காலத்தில் சேர வேண்டும் என்ற அந்தப் பிரித்தறிதல் நிதானமானது. பின் தொழிலகத் தேவைக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டமும், மாநிலச் சாலைகளுக்கு 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமும் இதே சுருக்கு வழியைக் கையாண்டபோது, மனை இல்லாதவருக்காக ஏற்கப்பட்ட விரைவு தொழிற்பேட்டைகளுக்கும் கிடைத்தது.

1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்து 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மையச் சட்டம், செட்டிநாட்டு வரலாறு முழுவதும் விடுபட்டுப்போன அந்த மனிதரை முதன்முறையாகப் பெயரிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்கு அது தந்த வரையறையில், நிலம் இல்லாவிடினும் எடுப்புக்கு முன் மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகளும் குத்தகைதாரரும் பங்கு வாரத்துக்கு உழுவோரும் கைவினைஞரும் அடங்குவர். அவர்கள் யார் என்று கண்டறியும் கருவி சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது நிலம் எடுக்குமுன் ஊரில் பொது விசாரணை நடத்தி வாழ்வாதார இழப்பைக் கணக்கிடும் ஆய்வு. தனியார் நிறுவனத்துக்காயின் நூற்றுக்கு எண்பது, அரசும் தனியாரும் சேர்ந்த திட்டத்துக்காயின் எழுபது குடும்பங்களின் இசைவும் வேண்டும்; ஆறுதல் தொகை நூறு விழுக்காடு. தமிழ்நாடு 2015இல் 105-அ என்ற பிரிவைச் சேர்த்து, மேலே கண்ட தன் மூன்று சட்டங்களையும் இதிலிருந்து விலக்கியது. ஈடும் மறுவாழ்வும் புதிய சட்டப்படி, மதிப்பீடும் இசைவும் இல்லை என்பது அதன் சாரம். மையச் சட்டம் வந்தபோதே மாநிலச் சட்டங்கள் அதனோடு முரண்பட்டுச் செத்துவிட்டன, செத்ததற்கு ஒரு பிரிவால் உயிர் தர இயலாது என்று 2019 ஜூலை 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில மாதங்களிலேயே மாநிலம் மூன்று சட்டங்களையும் 2013 செப்டம்பர் 26 முதல் முன்தேதியிட்டு உயிர்ப்பிக்கும் சட்டத்தைக் குடியரசுத் தலைவரின் இசைவுடன் இயற்றியது. 2021 ஜூன் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. முரண்பட்ட சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் இசைவு உயிர் தரும் என்ற 254ஆம் பிரிவின்படி அத்தீர்ப்பில் குறை காண்பது கடினம். கூலிக்காரரைக் கணக்கில் சேர்க்கும் உரிமை ஏட்டில் நிலைத்து, அவரைத் தேடிக் கண்டறியும் விசாரணை மட்டும் விலக்கப்பட்டது என்பதே நடைமுறையில் அதன் விளைவு. பரந்தூர் விமான நிலையத்துக்கான எடுப்பும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நடப்பதால், அத்திட்டத்தை எதிர்த்து 2022 முதல் ஏகனாபுரம் ஊர் மக்கள் எழுப்பும் கேள்விகளில் இதுவும் சேர்கிறது.

முன்பு 210 என்ற எண் தாங்கித் திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் செல்லும் சாலையைப் போன்ற தேசிய நெடுஞ்சாலைகளுக்கோ இவற்றில் எதுவும் நெடுங்காலம் பொருந்தவில்லை. அவற்றுக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி. 1997இல் சேர்க்கப்பட்ட 3-ஜெ பிரிவு ஆறுதல் தொகையையும் வட்டியையும் அடியோடு மறுத்தது. ஒரே ஊரில் ரயில்வேக்கு நிலம் கொடுத்தவர் ஆறுதல் தொகை பெற, சாலைக்குக் கொடுத்தவர் பெறாமற்போன இந்நிலையை 2019 செப்டம்பரில் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வஜ்ரவேலு முதலியார் வழக்கில் சொன்ன சமத்துவ வாதமே அங்கும் அடிப்படை. இத்தீர்ப்பு இனிவரும் எடுப்புகளுக்கு மட்டுமே பொருந்த வேண்டும் என்ற நெடுஞ்சாலை ஆணையத்தின் வேண்டுகோளை 2025 பிப்ரவரி 4ஆம் நாள் அந்நீதிமன்றம் ஏற்க மறுத்ததால், 1997 முதல் 2014 வரை சாலைக்கு நிலம் இழந்தவர்களுக்குப் பழைய பாக்கியைக் கேட்கும் வழி கிடைத்தது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3-ஜி பிரிவில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஓர் உட்பிரிவு இருக்கிறது: நிலத்தின் பயன்பாட்டு உரிமை எடுக்கப்படும்போது, உடையவருக்கும் அதனால் அனுபோகம் கெட்ட வேறு எவருக்கும் ஈட்டில் பத்தில் ஒரு பங்கு சேர வேண்டும் என்று அது சொல்கிறது. பாதையும் வாய்க்காலும் மேய்ச்சலும் இழந்தவர் அந்தச் சொற்களின் துணையோடு முறையிடலாம். முறையீட்டை முதலில் விசாரிக்க வேண்டியவர் மைய அரசு நடுவராக நியமிக்கும் அலுவலர், தமிழ்நாட்டில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்.